மரபும் மரபணுவும்: விருதுநகர் – சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்தை முன்வைத்து முளைக்கருப் பரிசோதனையின் அறம்

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் நோயைத் தடுக்கும் பொருட்டு, கருப்பையில் வைப்பதற்கு முன்பே முளைக்கருவை மரபணு அளவில் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை இந்தியாவில் சட்ட ஏற்புப் பெற்றுள்ளது. இம்முறை அறநெறிக்கு உட்பட்டதா என்னும் வினா பெரும்பாலும் கருவின் உயிர்நிலை, பெற்றோரின் உரிமை ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. நெருங்கிய உறவுத் திருமணமும் வேதிப்பொருள் சார்ந்த தொழிலும் ஒருங்கே நிலவும் விருதுநகர் மாவட்டத்தில் அவ்வினாவிற்கு முன்னதாக மற்றொரு வினா எழுகிறது: நோயின் காரணம் மரபணுவில் உள்ளதா, உழைக்கும் இடத்தில் உள்ளதா? இதனைப் பிரித்தறியாமல் செய்யப்படும் பரிசோதனை பொறுப்பை ஆலையிலிருந்து தாயின் உடலுக்கு இடம் மாற்றிவிடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: முளைக்கருப் பரிசோதனை, மரபுநோய், உறவுமுறைத் திருமணம், பட்டாசுத் தொழில், இனப்பெருக்க அறம்.

முன்னுரை

தமிழில் ‘மரபு’ என்னும் சொல் சமூக வழக்கத்தையும் குறிக்கும். வழிவழியாக இறங்கி வருவதையும் குறிக்கும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களையும் ஆண்பால், பெண்பால் பெயர்களையும் வழக்கு நோக்கித் தொகுத்துரைக்கிறது. அதே பெயர் இன்று உயிரியலின் ஒரு துறைக்கு வழங்குகிறது. ‘மரபு நோய்’ என்னும் தொடரில் இவ்விரு பொருள்களும் கலந்து நிற்கின்றன. ஒரு குழந்தை நோயுடனோ உறுப்பு மாறுபாட்டுடனோ பிறக்கும்போது, அதன் காரணம் எது என்று ஆராய்வதற்கு முன்பே அச்சொல் விடையாகிவிடுகிறது. அவ்விடை குடும்பத்தைச் சுட்டுகிறது. குடும்பத்திற்கு வெளியே உள்ளவற்றைக் கேள்விக்கு அப்பாற்பட்டவையாக்குகிறது.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குகிறது. பின்னர்ப் பட்டாசும் அச்சும் அதனுடன் சேர்ந்தன. மழை குறைந்த கரிசல் நிலத்தில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தொழிலே வாழ்வாதாரம். இங்குப் பெண்கள் பெருந்தொகையினராக உழைக்கின்றனர். ஆகவே கருவைப் பற்றிய எந்த அறவாதமும் இவ்வட்டாரத்தில் தொழிலைப் பற்றிய வாதமாகவும் அமைந்தாக வேண்டும்.

1. பரிசோதனை காண்பதும் காணாததும்

இம்முறையில் கருமுட்டையும் விந்தணுவும் ஆய்வகத்தில் இணைக்கப்படுகின்றன. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் முளைக்கருவின் வெளியடுக்கிலிருந்து சில செல்கள் எடுக்கப்பட்டு மரபணுச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. குறிப்பிட்ட பிறழ்வு இல்லாத முளைக்கரு, கருப்பையில் வைக்கத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தலசீமியா போன்ற ஒடுங்குநிலை நோய்களில் கணவன், மனைவி இருவருமே நோயற்ற கடத்திகளாக இருப்பின், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்குழந்தைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றிவரும் பெற்றோர்க்கு, அடுத்த கருவைச் சுமந்தபின் கலைப்பதா வேண்டாவா என்னும் துயரத்தை இம்முறை தவிர்க்கிறது. இதன் அறநியாயம் இதில்தான் வலுவாக உள்ளது.

ஆனால் இச்சோதனைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. தேடப்படும் பிறழ்வு எது என்பது அக்குடும்பத்தில் முன்னரே அறியப்பட்டிருக்க வேண்டும். அறியாத காரணத்தை அது தேடுவதில்லை. மேலும், கருவில் உறுப்புகள் உருவாகும் காலம் கருவுற்ற மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை நீள்கிறது. நச்சுப்பொருள்கள் உறுப்பு அமைப்பைக் குலைக்கும் வாய்ப்பு அப்போதுதான் மிகுதி. ஐந்தாம் நாளில் ‘நோயற்றது’ எனச் சான்று பெறும் முளைக்கரு, ஐந்தாம் வாரத்தில் தாய் சுவாசிக்கும் துகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவதில்லை. இது கருவிகளின் துல்லியக் குறைவால் நேர்வதன்று. சோதனை நிகழும் காலத்தின் இயல்பால் நேர்வது.

2. சட்டத்தின் இரு சொற்றொடர்கள்

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை)ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, முன்பே அறியப்பட்ட, மரபுவழி இறங்கும் நோய்களைக் கண்டறிய மட்டுமே முளைக்கருவைச் சோதிக்கலாம் என வரையறுக்கிறது. பால், நிறம், அறிவுத்திறன் ஆகியவற்றிற்கான தேர்வுக்கு இதில் இடமில்லை. இக்கட்டுப்பாடு தேவையானதே. 1990-இல் இலண்டனில் இம்முறை முதன்முதலாகக் கருத்தரிப்பில் வெற்றி கண்டபோது அங்குச் சோதிக்கப்பட்டது முளைக்கருவின் பால் ஆகும். ஆண் குழந்தைகளைத் தாக்கும் எக்ஸ் குரோமோசோம் சார்ந்த நோய்களைத் தவிர்க்கப் பெண் முளைக்கருக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கு மருத்துவ நோக்கில் பயன்பட்ட அதே நுட்பம் தமிழகத்தில் வேறு பொருள் பெறும். விருதுநகரை அடுத்துள்ள மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலைகள் 1980களில் வெளிச்சத்திற்கு வந்தன. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வரலாறு உடைய நிலத்தில் பால் தேர்வுக்கான தடை தளர்த்தப்படக் கூடாது.

1994-ஆம் ஆண்டின் கருநிலை கண்டறிதல் சட்டம் வேறொரு சொல்லையும் கொண்டுள்ளது. கர்ப்பிணிக்குக் கருநிலைச் சோதனை செய்யத் தகுந்த சூழல்களைப் பட்டியலிடும்போது, கருவைச் சிதைக்கக்கூடிய மருந்து, கதிர்வீச்சு, தொற்று ஆகியவற்றுடன் வேதிப்பொருள்களுக்கு உட்பட்டிருத்தலையும் அது சேர்க்கிறது. பழைய சட்டம் வெளிக்காரணத்தை ஏற்கிறது. புதிய சட்டத்தின் பரிசோதனை மரபுக்காரணத்தை மட்டுமே காண்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் பட்டாசுத் தொழிலாளியின் நிலை முழுமையாகத் தெரிகிறது.

3. உறவுமுறைத் திருமணமும் பழியும்

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இரத்த உறவில் திருமணம் செய்துகொண்ட பெண்களின் விகிதம் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேல். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தடைசெய்யப்பட்ட உறவுகளை வரையறுப்பினும், வழக்கம் அனுமதிக்கும் இடத்தில் விலக்கு அளிக்கிறது. தாய்மாமன் உரிமையும் முறைப்பெண் உரிமையும் சொத்து, சீர்வரிசை, பெண்ணின் பாதுகாப்பு ஆகியவற்றோடு பிணைந்தவை. அறிமுகமற்ற வீட்டைவிட அத்தை வீட்டில் மகள் நலமாக இருப்பாள் என்னும் பெற்றோரின் கணக்கு அறியாமையன்று.

இருப்பினும் மரபணுவியலின் கணக்கும் உண்மையே. தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை–மாமன் மக்கள் எட்டில் ஒரு பங்கையும் சராசரியாகப் பகிர்ந்துகொள்கின்றனர். அதனால் ஒரே ஒடுங்குநிலைப் பிறழ்வை இருவரும் கொண்டிருக்கும் வாய்ப்பு உயர்கிறது. ஆனால் வாய்ப்பு உயர்வது ஒன்று; குறிப்பிட்ட ஒரு குழந்தையின் நோய்க்கு அதுவே காரணம் என்பது வேறொன்று. முறை மாப்பிள்ளையை மணந்து பட்டாசு ஆலையிலும் உழைக்கும் பெண்ணின் குழந்தைக்கு உறுப்பு மாறுபாடு தோன்றினால், ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்று கூறுவது எளிது. அவ்விடைக்குச் செலவில்லை, யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. காற்றையும் இரத்தத்தையும் சோதிக்காமல் அவ்விடையை ஏற்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

4. ஆலையும் கருப்பையும்

பட்டாசில் ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது என 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பேரியம் உப்புகளையும் தடைசெய்தது. இவ்வழக்குகளின் மையம் பட்டாசு வெடிக்கும் நகரங்களின் காற்று. அந்தப் பொருள்களைக் கையால் கலந்து, அளந்து, குழல்களில் செலுத்தும் உடல்கள் அவ்விவாதத்தின் ஓரத்திலேயே நின்றன. ஈயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கி, கர்ப்பக் காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து, நச்சுக்கொடி வழியே கருவை அடையக்கூடியது. தடை பிறந்த நாளோடு முன்னைய உழைப்பின் விளைவு முடிந்துவிடுவதில்லை.

இத்தகைய சூழலில் பெண்ணை வேலையிலிருந்து விலக்குவதே தீர்வு என்று கருதுவோரும் உளர். அமெரிக்காவில் ஈய மின்கலங்கள் தயாரித்த ஜான்சன் கண்ட்ரோல்ஸ் நிறுவனம், கருவுறும் தகுதியுள்ள பெண்களை ஈயம் சார்ந்த பணிகளிலிருந்து விலக்கியது. ஈயம் ஆண்களின் இனப்பெருக்கத் திறனையும் பாதிக்கும் என்ற சான்று இருந்தும் ஆண்களுக்கு அவ்விலக்கு இல்லை. 1991-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைப் பால்வேறுபாட்டு ஒடுக்குமுறை எனத் தீர்த்தது. பிறக்கவிருக்கும் குழந்தையைப் பற்றிய முடிவு பெற்றோர்க்கு உரியது என்பது அத்தீர்ப்பின் சாரம். கருவைக் காக்கும் பெயரால் பெண்ணின் கூலியைப் பறிப்பதும், கருவைத் தேர்ந்தெடுக்கும் பெயரால் பெண்ணின் உடலில் மட்டும் தீர்வைத் தேடுவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். இரண்டிலும் ஆலையின் தூசி அப்படியே இருக்கிறது.

சிவகாசிக்கு இதில் தனக்கே உரிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தை உழைப்பு பற்றிய வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு, பிள்ளையை வேலைக்கு அனுப்பிய பெற்றோரே குற்றவாளிகளாகப் பேசப்பட்டனர். ஆலைக்குள் நுழைந்த குழந்தைக்கு ஆலை பொறுப்பேற்க வேண்டும் என்னும் நெறி அங்கு நிலைநாட்டப்பட்டது. தாயின் வயிற்றில் இருந்தவாறு ஆலைக்குள் நுழையும் குழந்தைக்கும் அந்நெறி நீள வேண்டும் என்பது தருக்க முறையான அடுத்த படி.

5. தேர்வின் எல்லை

தலசீமியாவால் பாதிக்கப்பட்ட மகனுக்கு எலும்பு மஜ்ஜை அளிக்கப் பொருந்தும் தங்கை, முளைக்கருச் சோதனை வழியே 2018-இல் குஜராத்தில் பிறந்தாள்; 2020-இல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. ஒரு குழந்தையைக் காக்க மற்றொரு குழந்தையைக் கருவியாக்கலாமா என்னும் வினா அப்போது எழுந்தது. தங்கை தனக்காகவும் விரும்பப்படும்போது அவ்வினாவின் கூர்மை குறையும், முற்றிலும் மறையாது. நோயைத் தவிர்ப்பதை மட்டும் பேசும் 2021 சட்டத்தின் வாசகத்தில் இத்தகைய திசுப் பொருத்தத் தேர்வு வெளிப்படையாக இடம்பெறவில்லை.

மற்றோர் எல்லையும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள்செல் நோய் ஆகியவற்றை உரிமைக்குரிய உடல்நிலைகளாகப் பட்டியலிடுகிறது. அரசு ஒரு கையால் இவர்களின் பிறப்பைத் தவிர்க்க வழிசெய்து, மறு கையால் இவர்களின் வாழ்வுக்கு உரிமை அளிக்கிறது. இம்முரணைத் தாங்கிக்கொள்ள வழி ஒன்றே: பரிசோதனை வசதி வந்தது என்பதற்காக இரத்த வங்கியும் சிகிச்சையும் உதவித்தொகையும் சுருங்கக் கூடாது. தேர்ந்தெடுக்காமல் பெற்றுக்கொண்ட பெற்றோர் ‘தவிர்த்திருக்கலாமே’ என்னும் சொல்லைக் கேட்கும் நிலை வந்தால், உரிமையாக வந்தது கடமையாக மாறிவிட்டது என்பது பொருள்.

முடிவுரை

அறியப்பட்ட ஒற்றை மரபணு நோயைத் தவிர்க்க முளைக்கருவைச் சோதிப்பது, பெற்றோர் தெளிவுடனும் வற்புறுத்தலின்றியும் ஒப்பும்போது அறநெறிக்கு உட்பட்டதே. ஆனால் செயற்கைக் கருத்தரிப்புடன் சேர்த்துச் சில லட்சம் ரூபாய் கோரும் இம்முறை, வாரக்கூலி பெறும் குடும்பத்திற்கு எட்டாதது. கடத்தியா எனக் கண்டறியும் இரத்தச் சோதனையும் மரபணு ஆலோசனையும் திருமணத்திற்கு முன்போ கருவுறுவதற்கு முன்போ அரசு மருத்துவமனையில் கிடைப்பதே இவ்வட்டாரத்தின் முதல் தேவை. அவ்வாலோசனையில் கேட்கப்படும் வினாக்கள் ‘மாப்பிள்ளை என்ன முறை?’ என்பதோடு நில்லாமல், ‘ஆலையில் என்ன வேலை, எத்தனை ஆண்டு?’ என்பதையும் உள்ளடக்க வேண்டும். இரண்டாம் வினா பதிவாகாத வரை, இங்கு ‘மரபு நோய்’ எனப் பதிவாகும் ஒவ்வொன்றும் பாதி விசாரணையின் முடிவே ஆகும்.