வீடு வாங்க முன் ரேடன் வாயுவையும் கணக்குப் பாருங்கள்

இங்கிலாந்தின் நோர்தம்டன் நகரில் வசிக்கும் எனது சகோதரியின் மகன், அங்கு பழைய வீடொன்றை வாங்குவதற்கு என்னிடம் கடன் கேட்டிருந்தார். பணம் அனுப்ப இரண்டு நாட்கள் இருக்கையில் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, வீடு இருப்பது ரேடன் பாதிப்புள்ள பகுதியாம். சட்டத்தரணி எடுத்த உள்ளூராட்சி சபை அறிக்கையில் வந்திருக்கிறது" என்றார். "அப்படியென்றால் விட்டுவிடுங்க மருமகன், வேறு வீடு பார்ப்போம்" என்றேன். விசாரித்த பின்னர்தான் அது அவசரப் பதில் என்று விளங்கியது. எமது வாசகர்கள் பலரின் பிள்ளைகளும் அங்கு வீடு வாங்குவதால் நான் அறிந்ததை எழுதுகிறேன்.

ரேடன், நிறமோ மணமோ இல்லாத கதிரியக்க வாயு. பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு கலந்திருக்கும் யுரேனியம் சிதைவதால் உருவாகிறது. வெளியே காற்றோடு கலந்து போய்விடும். வீட்டுத் தரையிலுள்ள வெடிப்புகள் வழியாக உள்ளே வந்தால் தேங்கி நிற்கும். குளிர் காலத்தில் யன்னல்களை மூடி வீட்டைச் சூடாக்கும்போது நிலத்துக் காற்று மேலும் உள்ளே இழுபடுகிறது. பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. புகைப்பவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். பிரித்தானியாவில் ஆண்டுதோறும் சுமார் 1,100 பேர் ரேடன் தொடர்பான நுரையீரல் புற்றுநோயால் இறப்பதாக அந்நாட்டுச் சுகாதாரத்துறை மதிப்பிடுகிறது.

அங்கு வீடுகளில் சராசரி அளவு ஒரு கனமீற்றர் காற்றில் 20 பெக்கரல். 200ஐ எட்டினால் திருத்த வேலை செய்யும்படி அரசு கூறுகிறது. 100க்குக் கீழ் கொண்டுவருவதே இலக்கு. "பாதிப்புள்ள பகுதி" என்றால் 100 வீடுகளில் ஒன்றாவது 200ஐ எட்டக்கூடும் என்பதே பொருள். கோர்ன்வோல், டெவன் போன்ற இடங்களின் சில பகுதிகளில் இது 30க்கும் மேல். ஆனால் வரைபடம் சாத்தியத்தை மட்டுமே சொல்லும். அடுத்தடுத்த இரு வீடுகளிலேயே அளவு வேறுபடலாம். அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இங்கேதான் வியாபாரச் சிக்கல். முறையான சோதனைக்கு வசிக்கும் அறையிலும் படுக்கையறையிலும் சிறிய அளவுகருவிகளை மூன்று மாதம் வைக்க வேண்டும். அதுவரை எந்த விற்பனையாளர் காத்திருப்பார்?

இதற்கு அங்கு ஒரு வழி உண்டு. எமது கட்டிட ஒப்பந்தங்களில் ரிட்டென்ஷன் பணம் பிடித்து வைப்பதில்லையா? அதுபோல விலையில் ஒரு பகுதியைச் சட்டத்தரணியிடம் நிறுத்தி வைத்து விற்பனையை முடிக்கலாம். குடியேறிய பின் அளப்பார்கள். அளவு குறைவென்றால் முழுத் தொகையும் விற்றவருக்கு. கூடினால் திருத்தச் செலவு அதிலிருந்து கழியும். இது சட்டக் கட்டாயமல்ல, இரு தரப்பும் எழுத்தில் உடன்பட வேண்டும்.

மருமகனும் 2,500 பவுண் நிறுத்தி வைத்தே வாங்கினார். சோதனையில் அளவு 260 வந்தது. தரைக்கடியில் குழியொன்று அமைத்து, மின்விசிறியால் வாயுவை உறிஞ்சிக் குழாய் வழியே வெளியேற்றும் வேலை ஒரே நாளில் முடிந்தது. கூலியைக் கழித்து மீதி விற்றவருக்குப் போனது. மறுபடி அளந்தபோது 100க்குக் கீழே வந்துவிட்டது.

ஆகவே வீடு வாங்குபவர் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். இது பாதிப்புள்ள பகுதியா? ஏற்கெனவே அளந்த அறிக்கை உண்டா? மின்விசிறி பொருத்தியிருந்தால், அதன் பின்னர் மீண்டும் அளந்தார்களா? பதில் இல்லையென்றால் பேரத்தைக் கைவிடத் தேவையில்லை. பணத்தில் ஒரு பங்கைக் கைவிடாமல் இருந்தால் போதும்.