களனி வழியே கொழும்பு

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் பெரும்பாலும் வேலைக்குத்தான். புறக்கோட்டைக் கடைகளுக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வருவார்கள், திரும்பிப் போவார்கள். ஊர் பார்க்கவென்றே ஒரு நாள் இறங்குகிறவர்கள் நேரே காலிமுகத்திடலுக்கு ஓடிவிடுகிறார்கள். அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு, காலையில் முகத்துவாரம் போங்கள்.

கித்துள்கல, எட்டியாந்தோட்டை என்று நம் தோட்டங்களைத் தொட்டு இறங்கும் களனி கங்கை கடலில் விழும் இடம் அது. ரயில் வருவதற்கு முன் நம் தேயிலையும் இந்த ஆற்றில் படகேறித்தான் கொழும்பு போனது. காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு மட்டக்குளி காக்கைத்தீவுக் கரைக்கு நடக்கலாம். மழைக்காலமென்றால் கடல் நீலமாக இருக்காது. மலையின் செம்மண் அங்கே கலங்கி நிற்கும், கூடவே வழியெல்லாம் அள்ளிவந்த பிளாஸ்டிக்கும்.

மலையில் பெய்வது இங்கே தெரியும். 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் மலை சரிந்தது. புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அதே நாட்களில் களனி பெருகி கொலன்னாவையின் குடிசைகளுக்குள் புகுந்தது. மறு வருடம் ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, அதே கொலன்னாவையின் மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கொழும்பு நகரம் தன் குப்பையை ஏழைகளின் வாசலில் வருடக்கணக்காகக் கொட்டியதன் பலன் அது. அதை இயற்கைப் பேரிடர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தெமட்டகொடைப் பக்கம் அடுக்குமாடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனபின், நகரத்துக் குடிசைவாசிகளில் பலரை இப்படி மாடிகளுக்கு ஏற்றினார்கள். ஒரு வீடு சுமார் 400 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில் வளர்ந்தவருக்கு அது பெரிதாகத்தான் தெரியும். குழாயில் தண்ணீர், உள்ளேயே கக்கூஸ். ஆனால் வாசலில் அடுப்பு வைத்து அப்பம் சுட்டு விற்றவள் எட்டாம் மாடியில் யாருக்கு விற்பாள்? லயம் கட்டிய துரைமாரும் ஆளுக்கு இவ்வளவு அடி என்றுதான் கணக்குப் போட்டார்கள்.

வெயில் தாழ்ந்ததும் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த திடல். பக்கத்து ஹோட்டல் 1864இலிருந்து நிற்கிறது, அதற்குள் நமக்கு வேலையில்லை. திடல் எல்லாருக்கும் சொந்தம், காசும் கேட்பதில்லை. பட்டம், இறால் வடை, ஞாயிறு லீவில் வந்த கடைப் பையன்கள். 2022இல் ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பிய கூட்டம் கூடாரம் போட்டதும் இதே இடத்தில்தான். வடக்கே கடலை நிரப்பி 269 ஹெக்டேரில் துறைமுக நகரம் எழுகிறது.

சூரியன் முழுக்க இறங்கும்வரை உட்கார ஆசை வரும். அவிசாவளைக்கு பஸ் கிடைத்துவிடும், அதற்கு மேல் தோட்டத்துக்கு இரவில் எதுவும் நிச்சயமில்லை. வடையைக் கையில் வைத்துக்கொண்டே புறக்கோட்டைக்கு நடையைக் கட்டுங்கள்.