சிக்வின்னின் தில்லாலங்கடி வேலைகள்

யூனிக்ஸுக்காக எழுதிய நிரல்களை விண்டோஸிலேயே கம்பைல் செய்து ஓட்டுவதற்காக, 1995-ல் சிக்னஸ் நிறுவனத்தில் பிறந்தது சிக்வின். வெளியே பார்த்தால் சாதுவான ஒரு டிஎல்எல். உள்ளே மூலநிரலை எட்டிப் பார்த்தால், அடேயப்பா, அத்தனையும் தில்லாலங்கடி!

எனக்குப் பிடித்தது கோப்பு அழிக்கும் இடம். யாரோ திறந்து வைத்திருக்கும் கோப்பைக்கூட யூனிக்ஸில் அழித்துவிடலாம். பெயர் உடனே போய்விடும். உள்ளே இருப்பது, கடைசி ஆள் மூடும்வரை இருக்கும். விண்டோஸ் இதற்குச் சுலபத்தில் மசியாது. சிக்வின் என்ன செய்கிறது தெரியுமா? கோப்புக்கு ஒரு வினோதப் பெயர் சூட்டி, சத்தமில்லாமல் ரீசைக்கிள் பின்னுக்குள் தள்ளிவிடுகிறது! அழிக்கச் சொன்ன நிரலோ வேலை முடிந்ததென்று நம்பிப் போய்விடும்.

பிறகு விண்டோஸ் 10 தானாகவே யூனிக்ஸ் பாணி அழிப்பைக் கற்றுக்கொண்டது. 2019-ல் வந்த சிக்வின் 3.0-இல் அந்த வழியை முதலில் முயலும்படி மாற்றினார்கள். பழைய தந்திரத்தைத் தூக்கி எறிந்தார்களா? இல்லையே! புது வசதி இல்லாத டிரைவ் ஏதாவது வந்து மாட்டினால்?

அடுத்தது ஃபோர்க். ஓடும் நிரல் அப்படியே இரண்டாகப் பிரிவது யூனிக்ஸின் அன்றாட வேலை. விண்டோஸ் நிரல்களுக்கு அப்படி ஒரு வசதியே கிடையாது. ஆகவே சிக்வின் ஒரு வெற்றுக் குழந்தையைப் பெற்று, அசையாமல் நிறுத்தி, தாயின் தரவுகளை அதன் நினைவகத்தில் நகலெடுக்கிறது. பிறகு எழுப்பி, மறுபடி நிறுத்தி, ஸ்டாக்கையும் ஹீப்பையும் ஊற்றுகிறது. டிஎல்எல்கள் தாயிடம் இருந்த அதே முகவரியில் உட்கார வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் போச்சு. ஆன்டிவைரஸ்கள் நடுவில் மூக்கை நுழைத்துக் கெடுப்பதால், தொல்லை தரும் மென்பொருள்களுக்கென்றே ‘ப்ளோடா’ என்று தனிப்பட்டியல் வைத்திருக்கிறார்கள்! 32 பிட்டில் இடநெருக்கடி வேறு. 2013-ல் 64 பிட் வந்தபின்தான் மூச்சு விட முடிந்தது. 2022 டிசம்பரில் வெளியான 3.4, 32 பிட்டுக்கு ஒரேயடியாக விடைகொடுத்தது.

மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஃபோர்க்.சிசி-யில் ஆரம்பிக்காதீர்கள், தலை சுற்றும். சிஸ்கால்ஸ்.சிசி-யைத் திறந்து, அந்த ரீசைக்கிள் பின் தந்திரத்துக்கு ‘ட்ரை_டு_பின்’ என்று தேடிப் பாருங்கள்.