சோழவரத்தில் ஓடிய ஹெரால்டு

சென்னைக்கு வடக்கே, சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ஒரு காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்தது. சோழவரத்தில் ஓடிய கார்களுள் ஒன்று, 1960களில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கண்காட்சிக்காக அதை 24இல் ஒரு பங்கு அளவில் செய்தோம்.

389 செ.மீ. நீளம் 16.2 செ.மீ. ஆயிற்று. மயிலைக் கடைத்தெருவில் வாங்கிய அட்டை, சைக்கிள் கம்பி, மருந்துப் புட்டியின் ரப்பர் மூடிகள், இவையே சாமான்கள். ஹெரால்டின் முன்மூடி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். அதற்குக் கீல் வைக்கவே மூன்று மாலைகள் போயின.

எடையில்தான் ஏமாந்தோம். அசல் சுமார் 800 கிலோ. 24ஆல் வகுத்தால் 33 கிலோ! காரா, அரிசி மூட்டையா? கணக்கு சிஸ்டர் சிரித்துவிட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 24ஐ மும்முறை பெருக்கி, 13,824ஆல் வகுக்க வேண்டுமாம். விடை 58 கிராம். எங்கள் காரோ பசையும் பெயின்டும் சேர்ந்து 140 கிராம். நின்ற இடத்திலிருந்து கால் மைல் பாயும் 'டிராக்' ஓட்டத்தில் ஒவ்வொரு கிலோவும் காரைப் பின்னுக்கு இழுக்கும். பந்தயக்காரர்கள் பின்சீட்டைக் கழற்றுவது அதனால்தான். நாங்களும் உள்அட்டையை உரித்து 71 கிராமுக்கு இறக்கினோம்.

கால் மைல் எங்கள் அளவில் 16.8 மீட்டர், வராந்தா போதும். முறுக்கிய ரப்பர் பட்டையின் விசையில் பாய்ந்த கார் 11 மீட்டரில் தூணில் மோதிற்று. முன்மூடி மட்டும் இன்னும் திறக்கிறது.