இது, உது, அது

'இது' என்பது எந்தப் பொருளுக்கும் பெயர் அல்ல. கையில் உள்ள குடையும் இதுதான். காலடியில் கிடக்கும் கல்லும் இதுதான். சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். விரலால் காட்டுவதைச் சொல்லால் காட்டும் இந்த வழியைத் தமிழ் இலக்கணம் 'சுட்டு' என்கிறது.

பினாங்கின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்திலுள்ள சிம்பாங் அம்பாட்டில் நான்கு மொழிகளின் சுட்டுகள் காதில் விழும். ஊர்ப் பெயருக்கே மலாயில் நாற்சந்தி என்றுதான் பொருள். தமிழர் 'இந்த வீடு' என்பதை மலாய்க்காரர் 'ரூமா இனி' என்பார். அங்கே சுட்டு பெயருக்குப் பின்னால் வரும். பினாங்கு ஹொக்கியனில் அது 'சிட் கெங் சூ'. 'சிட்' என்பது சுட்டு, 'சூ' என்பது வீடு. இரண்டுக்கும் நடுவே, வீடுகளை எண்ணும்போது வரும் 'கெங்' என்ற அளவைச் சொல் வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் 'திஸ் ஹவுஸ்'. வீடு பலவானால் ஆங்கிலம் சுட்டையும் மாற்றி 'தீஸ்' என்கிறது. தமிழில் தனித்து நிற்கும் 'இது' பன்மையில் 'இவை' ஆகும். ஆனால் பெயருக்கு முன்னால் வரும் 'இந்த' எத்தனை வீடு வந்தாலும் மாறாது. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'திஸ் புக்ஸ்' என்று எழுதிவிடுவது கவனக்குறைவால் அல்ல, தாய்மொழியின் பழக்கத்தால்.

தொலைவைப் பிரிப்பதில்தான் மொழிகள் பெரிதும் வேறுபடுகின்றன. மொழியியலாளர் ஹோல்கர் டீஸல் ஒப்பிட்ட 234 மொழிகளில் 127 மொழிகள் அருகு, தொலைவு என இரண்டாகப் பிரிக்கின்றன. 88 மொழிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. ஸ்பானியமும் ஜப்பானியமும் மூன்று வகையின. இன்றைய ஆங்கிலத்துக்கு 'திஸ்', 'தட்' இரண்டே. கண்ணுக்கு எட்டிய தொலைவைக் காட்டிய 'யான்' என்ற பழைய மூன்றாம் சுட்டு, வட்டார வழக்குகளில் ஒதுங்கிவிட்டது.

மலாய் பொருளை 'இனி', 'இத்து' என இரண்டாகவும், இடத்தை 'சினி', 'சித்து', 'சானா' என மூன்றாகவும் பிரிக்கிறது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஜார்ஜ் டவுனில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து 'உங்கள் பக்கம் மழையா?' என்று கேட்டால், அந்தப் பக்கம் 'சித்து'. சிம்பாங் அம்பாட்டிலேயே இருவர் நின்றுகொண்டு கடலுக்கு அப்பாலுள்ள தீவைப் பற்றிப் பேசினால், அதே ஜார்ஜ் டவுன் 'சானா'. ஊர் நகரவில்லை, கேட்பவர் இருக்கும் இடம் மாறிவிட்டது.

இந்த நுட்பம் தமிழுக்குப் புதியதல்ல. அ, இ, உ ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே சுட்டு என்று வகுத்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் உகரச் சுட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. கேட்பவர் கையில் இருப்பது 'உது'. அவர் இருக்கும் இடம் 'உங்கை'. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் இந்தப் பேச்சையும் கொண்டுவந்தார்கள். மலேசியத் தமிழரில் பெரும்பாலோரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள். அவர்கள் பேச்சில் உகரச் சுட்டு இல்லை. உகரச் சுட்டை மனப்பாடச் சூத்திரமாக மட்டும் கற்பிப்பது வருத்தத்துக்குரியது. மலேசியப் பிள்ளைகளுக்கு 'சித்து' என்று ஒரு சொல் சொன்னாலே அது விளங்கிவிடும்.

தமிழ்ச் சுட்டுகளின் ஒழுங்கு வியக்க வைப்பது. முதலெழுத்தை மட்டும் மாற்றினால் இங்கே, அங்கே, எங்கே. இப்படி, அப்படி, எப்படி. இப்போது, அப்போது, எப்போது என்று வரிசை பிசகாமல் வரும். ஆங்கிலத்தில் 'தென்', 'வென்' ஒத்துப்போகின்றன. 'நவ்' வரிசைக்கு வெளியே நிற்கிறது.

சுட்டு கண்முன் உள்ளதை மட்டும் காட்டுவதில்லை. 'ஒரு நரி இருந்தது' என்று தொடங்கும் கதையில் அடுத்து வரும் 'அந்த நரி', சற்றுமுன் சொன்ன சொல்லையே சுட்டுகிறது. ஆங்கிலத்தின் 'தி' என்ற சொல்லும் 'தட்' பிறந்த பழைய சுட்டு வேரிலிருந்து வந்ததே. தமிழில் ஆளைக் குறிக்கும் சொல்லிலும் சுட்டு கலந்திருக்கிறது. ஆங்கில 'ஹீ', மலாய் 'டியா' இரண்டும் தொலைவைச் சொல்வதில்லை. தமிழிலோ, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் 'இவர்'. எழுந்து வெளியே போய்விட்டால் 'அவர்'.