வட்டக்கோட்டையில் வட்டம் எங்கே?

ஒருமுறை என் வகுப்பு மாணவர்களை வட்டக்கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 6 கிலோ மீட்டர் தொலைவில், கடலைத் தொட்டு நிற்கும் கருங்கல் கோட்டை அது. மதில்மேல் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "சார், வட்டம் எங்கே?"

நியாயமான கேள்விதான். பெயர் வட்டக்கோட்டை, வடிவமோ நீள்சதுரம்! பெயரை நம்பி இராமல் நடந்து பார்த்துக் கேட்டானே, அதுவே பாதி அறிவியல்.

18-ஆம் நூற்றாண்டில் இக்கோட்டைப் பணியை மேற்பார்த்தவர் டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி இவர். பின்னர் அம்மன்னரின் படைக்கே தளபதியானார். கோட்டையின் பரப்பு ஏறத்தாழ மூன்றரை ஏக்கர். மதிலின் உயரம் 25 முதல் 26 அடி. கனம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது: முகப்பில் 29 அடி, மூலைகளில் 18 அடி, பின்புறம் 6 அடி.

29 அடி எதற்கு? மூன்று பேருந்துகளை ஒட்டி நிறுத்தும் அகலம் அல்லவா அது! கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 கிலோகிராம் இரும்புக் குண்டு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் 8,80,000 ஜூல். 10 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 48 கிலோ மீட்டர் வேகத்தில் மோதினாலும் ஏறத்தாழ இதே ஆற்றல்தான். ஆனால் பேருந்தின் அடி அதன் முகப்பு முழுவதும் பரவும். குண்டோ உரித்த தேங்காயைவிடச் சற்றுப் பெரியது. அத்தனை ஆற்றலும் அந்தச் சிறு இடத்தில் இறங்கும்.

பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன. இப்போது பகைவன் உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு நீர் கல் இடுக்குகளில் புகுந்து காயும்போது படிகங்கள் வளர்ந்து சாந்தை நெம்பித் தள்ளும். கோட்டையைப் பாதுகாக்கும் இந்தியத் தொல்லியல் துறை இதைப் பழுதுபார்த்துமிருக்கிறது. ஆனால் உதிர்ந்த பகுதி முன்பு எப்படி இருந்தது என்பதை எதைக் கொண்டு அறிவது?

இதே கேள்வி, இன்னும் பெரிய அளவில், போலந்து நாட்டின் வார்சா நகருக்கு எழுந்தது. 1944 எழுச்சிக்குப் பின் ஜெர்மானியப் படை அதன் பழைய நகர்ப் பகுதியை வீடு வீடாகத் தகர்த்தது. போர் முடிந்ததும் மக்கள் அதைப் பழையபடியே எழுப்பினார்கள். இன்று அங்கே போகிறவர்கள் பழமையான வீதி என்றே எண்ணுவார்கள்! 1980-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் பெல்லோட்டோவின் நகரக் காட்சிகள் இப்பணிக்கு உதவின. ஆனால் ஓவியர் அழகுக்காகச் சிலவற்றை மாற்றியும் தீட்டுவார். பெரிதும் கைகொடுத்தவை, போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் வீடுகளை அளந்து வரைந்த படங்கள். போரின்போது அவற்றை மறைத்து வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள்.

மாணவர்கள் எடுத்த அளவுகள்! இதைச் சொன்னதும் எங்கள் பையன்கள் அளவு நாடாவை எடுத்துவிட்டார்கள். நீங்களும் செய்யலாம். கோட்டையின் உள்முற்றத்தில், மதில் நிழல் விழும் வேளையில், 1 மீட்டர் குச்சியை நேராக நிறுத்துங்கள். குச்சியின் நிழல் 0.8 மீட்டர், மதிலின் நிழல் 6.2 மீட்டர் என்றால், மதிலின் உயரம் 6.2 ÷ 0.8 = 7.75 மீட்டர், ஏறத்தாழ 25 அடி 5 அங்குலம்.

ஒரு குழுவுக்கு மட்டும் 20 அடிதான் வந்தது. காரணம் தேடினோம். குச்சியின் நிழல் சாய்வாக விழுந்திருக்க, அவர்கள் மதில் நிழலைச் சுவருக்குச் செங்குத்தாக அளந்திருந்தார்கள். இரண்டையும் ஒரே திசையில் அல்லவா அளக்க வேண்டும்? வெயிலைப் பார்க்காமல் மறுபடியும் நாடாவோடு முற்றத்தில் இறங்கினார்கள்.