கருமணல் காந்தத்தில் ஒட்டுது... துரு ஏன் ஒட்டல?

திருப்பாலைவனம் தாண்டி பழவேற்காடு கடற்கரைக்குப் போனால், மணலில் ஒரு காந்தத்தை உருட்டிப் பாருங்க. மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும் கறுப்புத் துகள், மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. படகு நங்கூரத்தில் இருந்து உதிரும் செந்துருத் தூளிடம் காந்தத்தைக் காட்டுங்க, கிட்டத்தட்ட அசையாது. இரண்டிலும் இரும்பும் ஆக்சிஜனும்தானே இருக்கு?

வித்தியாசம் அணுக்களின் வரிசையில். இவற்றில் ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். இரண்டு இரும்புக்கு நடுவில் ஆக்சிஜன் நிற்கும். அதன் எலக்ட்ரான்கள் வழியாக ஒன்று இன்னொன்றைத் திருப்பும்: 'நீ வடக்குன்னா நான் தெற்கு'. இதுதான் சூப்பர் எக்ஸ்சேஞ்ச்.

துருவில் அதிகம் காணப்படும் கோதைட்டில் இரு பக்கமும் சம பலம். கயிறு இழுக்கும் போட்டி டிரா! மேக்னடைட்டில் மூன்று இரும்பில் இரண்டு ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம். மிஞ்சும் பலம்தான் காந்தத்தில் ஒட்ட வைக்குது. சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இந்த வரிசையே கலைந்துவிடும்.

இந்தக் கணக்கை 1948-ல் விளக்கிய பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல், 1970-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆக, துரு ஒட்டலைன்னா உள்ளே காந்தமே இல்லைன்னு அர்த்தமில்ல. எதிரெதிராக நின்று ஒன்றையொன்று மறைச்சிருக்கு, அவ்வளவுதான்.